என் கத்திகளைத் தின்ற மரத்தாங்கி

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடித்தது வாசனைதான். லேசான புளித்த வாசனை, பக்கத்தில் யாரோ வினிகர் பாட்டிலைத் திறந்து வைத்ததுபோல. ஆறு வாரம் வேலை விஷயமாக வெளியூரில் இருந்துவிட்டு அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தேன். பையைக்கூடப் பிரிக்காமல் நேராகக் கத்திகளைப் பார்க்கப் போனேன். மேல் வரிசையில் இருந்த தாத்தாவின் மடக்குக் கத்தியில் செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது. அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே இரண்டு. எண்ணிப் பார்த்தேன். இருபத்து நான்கு கத்திகளில் பதினொன்று துருப்பிடித்திருந்தன. பல வருடம் அலமாரி இழுப்பறையில் பழைய பருத்தித் துணி சுற்றிக் கிடந்தபோது ஒரு புள்ளி துருகூட வராத கத்திகள் அவை. அவற்றுக்கென்று ஆசையாக நானே செய்த மரத்தாங்கிக்குள் ஆறே வாரத்தில் இப்படி ஆகியிருந்தன. அன்று இரவு தூக்கம் வரவில்லை. வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. திருட்டுப் போயிருந்தால் சொல்லியிருப்பேன். நானே கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

என்ன செய்தேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். கத்தி சேர்க்கும் பலரும் ஒரு கட்டத்தில் இதே வேலையில் இறங்குகிறோம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சேர்த்த கத்திகளைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. பழைய ஓக் அலமாரி ஒன்றைப் பிரித்தபோது நல்ல பலகைகள் கிடைத்தன. வைரம் பாய்ந்த மரம், பல வருடம் காய்ந்தது, வளையாது, பூச்சி அரிக்காது. இதைவிடப் பொருத்தமான மரம் ஏது என்று நினைத்தேன். மரவேலை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மரம் காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அது சரியான விஷயமும்கூட. பச்சை மரத்தில் ஈரம் முப்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு சதவீதத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்து முடித்த பிறகு சுருங்கி வளையும், கத்திக்கு வெட்டிய வாய் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி அளந்தேன், பத்து காட்டியது. அதோடு மரத்தைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் அடி வடிவமைப்பிலேயே விழுந்தது. இரண்டு செங்குத்துப் பலகைகள், ஒவ்வொன்றிலும் முன்பக்கம் விரல்போல நீட்டிய தாங்கிகள், அவற்றின் மேல் கத்திகள் படுக்கைவாட்டில் வரிசையாக. வாள்தாங்கிப் படங்களில் பார்த்த அமைப்புதான். விரல்களைத் தனியாகச் செய்யாமல் பலகையிலேயே வரைந்து ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். மூன்று வார இறுதிகள் அதற்கே போயின. உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்து நிறுத்தியபோது கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டாம் வாரம், தூசி தட்டும்போது முழங்கை பட்டு ஒரு விரல் படக்கென்று முறிந்தது. அதிலிருந்த கத்தி தலைகீழாக விழுந்து முனை உடைந்தது. அரிசி அளவு துண்டுதான். ஆனால் முனை உடைந்த கத்தியைச் சேகரிப்பில் யார் மதிப்பார்கள்? முனையைத் திரும்ப அமைக்க அலகையே ஐந்தாறு மில்லிமீட்டர் தேய்த்துக் குறைக்க வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவரிடம் முறிந்த துண்டைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, பலகை நெட்டுக்க நிக்குது, நாரும் நெட்டுக்க ஓடுது. நீங்க முன்னால நீட்டின விரலுக்குள்ள ஓடுற நாரே கிடையாது, எல்லாம் அரை அங்குலத் துண்டுதான். அப்புறம் எப்படி நிக்கும்?" என்றார். மரத்தின் பலம் அதன் நார் ஓடும் திசையில்தான் இருக்கிறது. நாருக்குக் குறுக்காக நீட்டிய எந்தக் கொம்பும் லேசான அடிக்கே பிளந்துவிடும். எவ்வளவு உறுதியான மரமாக இருந்தாலும் இது மாறாது. வழி மிக எளிது. விரல்களைத் தனி உருளைக் குச்சிகளாக, நார் குச்சியின் நீளவாக்கில் ஓடும்படி செய்துகொள்ளுங்கள். செங்குத்துப் பலகையில் துளை போட்டு அவற்றைச் சொருகிவிடுங்கள். துளையை ஐந்து முதல் பத்து பாகை மேல்நோக்கிச் சாய்த்துப் போட்டால் கத்தி முன்னால் வழுக்கி விழாது. குச்சி என்றாவது முறிந்தாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நான் அப்போது அவசரத்தில் முறிந்த இடத்தைப் பசை போட்டு ஒட்டி, மற்ற விரல்களுக்குப் பின்னால் திருகாணி முடுக்கிச் சமாளித்தேன். அந்தத் திருகாணிகளைச் சுற்றி மரம் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் கலந்த கறுப்பாக மாறியது. பார்த்தேன், அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை, விட்டுவிட்டேன். எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை அது. ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புச் சத்து அதிகம். இரும்போடு ஈரத்தில் அது சேர்ந்தால் கறுப்பாகும். பழங்காலத்தில் ஒருவகை எழுதும் மை காய்ச்சியதே இரும்பு உப்பையும் மரத் துவர்ப்பையும் கலந்துதான். இரும்பைத் தொட்ட இடத்தில் இந்த மரம் வினை புரிகிறது என்று கண்ணெதிரே காட்டியும் எனக்கு உறைக்கவில்லை.

தூசியும் கையும் படக்கூடாது என்று அடுத்து அதற்குக் கண்ணாடிப் பெட்டி கட்டினேன். பின்பலகைக்கு மலிவான ஒட்டுப்பலகை. மூலைகளுக்கு வெள்ளை மரப்பசை. கண்ணாடி விளிம்புகளுக்குக் காய்கிறபோது வினிகர் வாசனை வீசும் சிலிக்கான். கத்தி உட்காரும் இடங்களில் பச்சைக் கம்பளித் துணி. மரத்துக்கு இரண்டு கை ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு. நான்கு நாள் காயவிட்டு, கையில் ஒட்டாததால் காய்ந்துவிட்டது என்று கத்திகளை அடுக்கிக் கதவை இறுக்கிச் சாத்தினேன். காற்றுப் புகாமல் கச்சிதமாக வந்ததில் அவ்வளவு பெருமை. மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அந்த ஆறு வாரமும் மழைக்காலம்.

மேலே சொன்னவற்றில் ஒன்றுவிடாமல் எல்லாமே எஃகுக்கோ கைப்பிடியில் இருக்கும் பித்தளைக்கோ வெள்ளிக்கோ எதிரி என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. இரவிரவாகத் தேடிப் படித்தபோது, அருங்காட்சியகங்களில் உலோகப் பொருட்களைப் பாதுகாப்பவர்கள் இதைப் பற்றி வருடக்கணக்காக எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். எல்லா மரமும் கொஞ்சமாவது அசிட்டிக் அமில ஆவியை வெளியிடும். வினிகரில் இருக்கும் அதே அமிலம். அதில் ஓக்கும் இனிப்புச் செஸ்நட்டும் மிக மோசமானவை. பழைய மரம் என்பதால் ஓக் சாதுவாகிவிடாது, காய்ந்து பல காலம் ஆன பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். தேக்கு, பீச், பிர்ச் நடுத்தரம். வால்நட், ஆப்பிரிக்க மகாகனி, ஸ்ப்ரூஸ் போன்றவை குறைவாக விடுபவை. ஒட்டுப்பலகையிலும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையிலும் இருக்கும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும், அது ஃபார்மிக் அமிலமாக மாறும். வெள்ளை மரப்பசையும் வினிகர் வாசனைச் சிலிக்கானும் அசிட்டிக் அமிலம் விடும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் ஆவியாவதுபோல் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத பிறகும் பல வாரம் அது நடந்துகொண்டிருக்கும், அப்போதெல்லாம் அமில ஆவி வந்துகொண்டிருக்கும். கம்பளியில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுக்கவைக்கும். இவை அத்தனையும் வெளியேற வழியில்லாத பெட்டிக்குள், மழைக்கால ஈரத்தோடு. திறந்த தாங்கியாக விட்டிருந்தால்கூட இவ்வளவு சேதம் வந்திருக்காது. நான் பெருமைப்பட்ட அந்தக் கச்சிதம்தான் கத்திகளைக் கெடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துருவிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை மூன்று கத்திகள், மூன்றும் ஒரே மூலையில் பக்கம் பக்கமாக இருந்தவை. நடுவில் இருந்தது முத்துபோல மினுங்கும் கைப்பிடி கொண்ட பழைய பேனாக்கத்தி. அந்தக் கைப்பிடி செல்லுலாய்டு. செல்லுலோஸ் நைட்ரேட்டும் கற்பூரமும் சேர்த்துச் செய்த அந்தக் கால பிளாஸ்டிக். வயதானால் அது தானாகச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆவியை விடும், ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். தன் அலகை மட்டுமல்லாமல் பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும். உங்களிடம் பழைய மடக்குக் கத்திகள் இருந்தால் கைப்பிடியை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அதைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில், வெயிலும் சூடும் படாமல் வையுங்கள். எளிதில் தீப்பற்றும் என்பதால் நெருப்பு வைத்துச் சோதிக்கும் வேலையே வேண்டாம். இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கத்திகள் இரண்டும் தப்பித்திருக்கும்.

சுத்தம் செய்யும்போதும் அவசரப்பட்டேன். பதற்றத்தில் முதல் நாளே உப்புத்தாளை எடுத்தேன். டமாஸ்கஸ் முறையில் இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்த கத்தி ஒன்றில் துருவோடு சேர்த்து அந்த அலையலையான கோலத்தையும் தேய்த்துவிட்டேன். இரண்டு வகை எஃகும் அமிலத்தில் வேறுவேறு அளவு அரிபடுவதால் மேற்பரப்பில் தெரியும் கோலம் அது. மறுபடி எஃகை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் தோய்த்து எடுக்கக் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று, அதற்குத் தனிச் செலவு. மற்றவற்றைப் பொறுமையாகச் செய்தேன். லேசான மினரல் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மிக நுண்ணிய நான்கு பூஜ்ய (0000) எஃகுக் கம்பளியால் அலகின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் புதுத் துரு கழன்று வந்துவிடும். பழைய கார்பன் எஃகில் வருடக்கணக்கில் படிந்த சாம்பல் கறுப்பு நிறம் துரு இல்லை. அது கத்திக்கு ஒருவகைக் காப்பு, அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். செந்நிறமாக, தொட்டால் பொடியாக வருவதுதான் எதிரி. தாத்தாவின் கத்தியில் துரு போனது. ஆனால் அதன் கீழே ஊசி குத்தியதுபோல நுண்குழிகள் விழுந்திருந்தன. அவர் நாற்பது வருடம் பென்சில் சீவி, கயிறு அறுத்து, தினமும் சட்டைப்பையில் வைத்திருந்த கத்தி. அவர் வேர்வை பட்டும் வராத குழி. அதைப் பார்த்தபோதுதான் உடைந்து அழுதேன்.

கணக்குப் பார்த்தால் மரம் அறுத்த முதல் நாளிலிருந்து சரியான தாங்கி நிற்கும் வரை எட்டு மாதம் போயிற்று. கண்ணாடி, பலகை, பூச்சு, கருவிகள், பிறகு சீர்செய்யக் கொடுத்த கூலி எல்லாம் சேர்த்தால் நல்ல கத்தி மூன்று வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது முறை தொடங்கும் முன் ஒரு மாதம் எதையுமே வெட்டவில்லை, சோதித்தேன். 1973இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் வகுத்த சோதனை இருக்கிறது. வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளைச் சந்தேகப்படும் பொருளோடும் கொஞ்சம் தண்ணீரோடும் குழாயில் அடைத்து, அறுபது பாகை செல்சியஸில் 28 நாள் வைத்துப் பார்ப்பது. அதே யோசனையை வீட்டளவில் செய்யலாம். மூடி இறுகும் கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் துண்டு, தண்ணீர் நனைத்த பஞ்சு, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து எண்ணெய்ப்பசை போகத் துடைத்த இரும்பு ஆணி, மூன்றையும் ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள். ஒரு புட்டியில் பொருள் எதுவும் இல்லாமல் பஞ்சும் ஆணியும் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது அவசியம், ஈரத்தாலேயே ஆணி கொஞ்சம் துருப்பிடிக்கும். என் புட்டிகளில் ஓக் வைத்த ஆணி ஒன்பதாம் நாளே செவசெவவென்று ஆகிவிட்டது. வால்நட் புட்டிக்கும் வெறும் புட்டிக்கும் 28 நாளுக்குப் பிறகும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செலவே இல்லாத சோதனை. இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மரம் மட்டும் போதாது, துணி, பசை, பூச்சு ஒவ்வொன்றையும் தனித்தனிப் புட்டியில் போடுங்கள்.

புதிய தாங்கிக்கு வால்நட் எடுத்தேன். மரத்தைத் தொடும் முன் அட்டையில் முழு அளவில் மாதிரி செய்தேன். ஒவ்வொரு கத்தியையும் அலகில் டேப் சுற்றி என் கைவிரல் மேல் வைத்து, எங்கே சாயாமல் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்த இடத்துக்கு இருபுறமும் ஒவ்வொரு குச்சி வந்தால் கத்தி ஆடாது. பெரும்பாலான சின்னக் கத்திகளுக்கு அந்தப் புள்ளி கைப்பிடி தொடங்கும் இடத்தை ஒட்டி இருக்கும். நேபாளத்து வளைந்த கத்தியான குக்ரி போல முன்பாரம் உள்ளவற்றுக்கு அலகுக்குள் தள்ளி வரும், எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளியில் துளை போட்டால் இவைதான் முதலில் கவிழும். கத்தியின் வாய், அதாவது கூர் விளிம்பு, மேலே பார்க்க, முதுகு குச்சியில் உட்கார வேண்டும். ஜப்பானில் கட்டானாவை வாய் மேலிருக்கும்படி வைப்பார்கள், அதற்கு முந்திய டாச்சியை வாய் கீழிருக்கும்படி வைப்பார்கள். அந்த வாள்கள் உறைக்குள் இருக்கும். நம் கத்திகள் உறையில்லாமல் இருப்பதால், வாய் மரத்தில் படும்படி வைத்தால் கூரும் போகும், மரத்தின் அமிலமும் நேரே மெல்லிய விளிம்பில் ஏறும். வாய் மேலே இருக்கும்போது கையை மேலிருந்து விடுவது ஆபத்து என்பதால் வரிசைகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டராவது விடுங்கள், எப்போதும் கைப்பிடியைப் பிடித்தே எடுங்கள். இருபுறமும் கூர் உள்ள குத்துவாளுக்குக் குச்சியே சரிவராது, அதன் கைப்பிடியை மட்டும் அக்ரிலிக் தொட்டிலில் பிடிக்கவைத்தேன். மடக்குக் கத்திகளை முழுக்கத் திறந்தோ முழுக்க மூடியோ வைத்தேன். பாதி திறந்து வைத்தால் பார்க்க அழகுதான், ஆனால் ஸ்பிரிங் வளைந்து இழுபட்டபடி நிற்கும், யாராவது தொட்டால் விரல்மேல் மூடும்.

பூச்சுக்கு மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மூன்று கை பூசினேன். ஸ்பிரிட் ஆவியானால் அரக்கு இறுகிவிடும், ஆளிவிதை எண்ணெய்போல வாரக்கணக்கில் வினை நடக்காது. அப்படியிருந்தும் கத்தி வைக்காமல் நான்கு வாரம் திறந்த அறையில் விட்டேன். (ஆளிவிதை எண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.) கம்பளிக்குப் பதில் மெல்லிய பாலிஎத்திலீன் நுரைத்தாளை வெட்டி ஒவ்வொரு குச்சிக்கும் உறை போட்டேன். தோல் வேண்டாம். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் உப்பும் எஃகைத் துருவாக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். இதனால்தான் கத்திகளைத் தோலுறைக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

கண்ணாடிப் பெட்டியைத் திரும்பவும் கட்டினேன், ஆனால் மேலும் கீழும் சின்னத் துளைகள் விட்டு வலை ஒட்டினேன். உள்ளே ஈரப்பதமானி இருக்கிறது. அறுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் போனால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். அதற்காக ஒரேயடியாக உலர்த்தினாலும் கொம்பு, எலும்பு, மரக் கைப்பிடிகள் வெடிக்கும். நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிறுத்தப் பார்க்கிறேன். மழைக்காலத்தில் மட்டும் துளைகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை வைக்கிறேன், வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விடுகிறேன். ஜெல் நிறம் மாறினால் ஓவனில் நூற்றிருபது பாகை செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி உலர்ந்துவிடும். அலகுகளுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லிசாகத் தடவித் துடைத்திருக்கிறேன். அருங்காட்சியகங்களில் உலோகத்துக்குப் பூசும் வகை அது, எண்ணெய்போல வழிந்து தூசி பிடிக்காது. எடுக்கும்போது நைட்ரைல் கையுறை. விரல்ரேகை பட்ட இடத்தில் வேர்வையின் உப்பு அதே வடிவத்தில் துருவாகப் பதியும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள், என் பதினொன்றில் இரண்டு அந்த வகைதான்.

இப்போது பதினான்கு மாதம் ஆகிறது, ஒரு மழைக்காலம் முழுதாகத் தாண்டியாயிற்று, புதிதாக ஒரு புள்ளியும் வரவில்லை. செல்லுலாய்டுக் கத்தி வேறு அறையில், தனியாக, திறந்த அட்டைப் பெட்டியில் இருக்கிறது. தாத்தாவின் கத்தியை மேல் வரிசையில்தான் வைத்திருக்கிறேன். குழிகளைத் தேய்த்து மறைத்துத் தரட்டுமா என்று சீர்செய்பவர் கேட்டார். அலகு பாதியாக மெலிந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றேன்.